எக்கோவில் 17 மில்லிமீட்டர் தடிப்பு: இதய எம்ஆர்ஐ அவசியமா? பாதிக் காசில் எடுக்கலாமா?

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு 44 வயது. கடலூர் சிப்காட்டில் வெல்டிங், கிரைண்டிங் வேலை செய்கிறார். சில வருடங்களாக பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார். போன மாதம் மாடிப்படி ஏறும்போது மயங்கி விழுந்துவிட்டார். எக்கோவில் இதயத் தசை 17 மில்லிமீட்டர் தடித்திருக்கிறது என்று வந்தது. ஆஞ்சியோவில் அடைப்பு இல்லை. இப்போது டாக்டர் இதயத்துக்கு எம்ஆர்ஐ எடுக்கச் சொல்கிறார். தெரிந்தவர் ஒருவர், "நெஞ்சு எம்ஆர்ஐ என்று போட்டு பாதிக் காசில் முடித்துத் தருகிறேன்" என்கிறார். கிரியாட்டினின் 1.4 இருப்பதால் ஸ்கேன் ஊசி போட்டால் கிட்னி போய்விடும் என்றும் சொல்கிறார்கள். எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். அவருடைய அண்ணனும் 38 வயதில் வேலை செய்துகொண்டிருக்கும்போதே விழுந்து இறந்துவிட்டார், ஹார்ட் அட்டாக் என்றார்கள். இந்த ஸ்கேன் அவசியம்தானா? – வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: அவசியம். இந்த வாரமே ஏற்பாட்டைத் தொடங்குங்கள். ஆனால் அந்தத் தெரிந்தவர் மூலமாக எடுக்க வேண்டாம்.

அண்ணன் இறந்ததைக் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முதல் வரி. நம் பக்கத்தில் யார் திடீரென்று விழுந்து இறந்தாலும் ஹார்ட் அட்டாக் என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். 38 வயதில் இறந்தவருக்குத் தம்பி இருக்கிறாரா, பிள்ளைகள் இருக்கிறார்களா, அவர்களுக்கு ஒரு ஈசிஜியாவது எடுத்துப் பார்ப்போமா என்று யாரும் கேட்பதில்லை. அன்றைக்கு ஒருவர் கேட்டிருந்தால் உங்கள் கணவர் மயங்கி விழும்வரை காத்திருக்க வேண்டி வந்திருக்காது.

ஆஞ்சியோ நார்மல் என்றதும் வீட்டில் எல்லோரும் நிம்மதி அடைந்திருப்பீர்கள். ஆஞ்சியோ பார்ப்பது இதயத்துக்கு ரத்தம் கொண்டுவரும் குழாய்களை மட்டும்தான். இங்கே சந்தேகம் குழாயில் இல்லை, தசையில். சாதாரணமாக இதயத்தின் இடது கீழறைச் சுவர் 6 முதல் 11 மில்லிமீட்டர் வரை இருக்கும். பிரஷராலும் அது தடிக்கும்தான்; ஆனால் பெரும்பாலும் சுற்றிலும் ஒரே சீராகத் தடிக்கும், 15-ஐத் தாண்டுவது குறைவு. 17 மில்லிமீட்டர், கூடவே மயக்கம், குடும்பத்தில் இளவயது மரணம் என்று மூன்றும் சேர்ந்தால், பரம்பரையாக வரும் ஹைபர்டிராபிக் கார்டியோமயோபதி என்கிற தசை நோயைத்தான் முதலில் நினைக்க வேண்டும். சுமார் 500 பேரில் ஒருவருக்கு இருக்கிற நோய் இது. பயந்துவிடாதீர்கள். இது இருப்பவர்களில் பெரும்பாலோர் சரியான கண்காணிப்பில் வழக்கமான வாழ்க்கை வாழ்கிறார்கள். ஒரு சிலருக்குத்தான் இதயத் துடிப்பு திடீரென்று தாறுமாறாகி உயிருக்கு ஆபத்து வரும். அந்த ஒரு சிலர் யார் என்று பிரித்துப் பார்க்க உதவும் சோதனைகளில் எம்ஆர்ஐ முக்கியமானது.

எக்கோ நல்ல சோதனை, அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் விலா எலும்புகளுக்கு நடுவில் கிடைக்கிற இடைவெளி வழியாகத்தான் அதில் பார்க்க முடியும். இதயத்தின் நுனிப்பகுதி சில பேருக்குச் சரியாகத் தெரியாது. எம்ஆர்ஐயில் எல்லாப் பக்கமும் தெரியும், சுவரைத் துல்லியமாக அளக்கலாம். அதைவிட முக்கியம், தசைக்குள் தழும்பு விழுந்திருக்கிறதா என்பது எக்கோவில் தெரியாது, எம்ஆர்ஐயில் தெரியும்.

அதற்குத்தான் அந்த ஊசி. கேடோலினியம் என்ற மருந்தை நரம்பில் ஏற்றி, சுமார் பத்து நிமிடம் காத்திருந்து, அப்புறம் படம் எடுக்கிறோம். நம் மாவட்டத்தில் மழை விட்ட பிறகு மேட்டு நிலத்தில் தண்ணீர் வடிந்துவிடும், பள்ளத்தில் மட்டும் நிற்கும் இல்லையா? அப்படித்தான் நல்ல தசையிலிருந்து மருந்து வடிந்துவிடும், தழும்பு இருக்கிற இடத்தில் மட்டும் தங்கிவிடும். படத்தில் அந்த இடம் வெள்ளையாகத் தெரியும். அந்த வெள்ளை எங்கே இருக்கிறது என்பதை வைத்து நோயையே அடையாளம் காணலாம். சுவரின் உட்பக்க ஓரத்திலிருந்து தொடங்கி ஒரு ரத்தக்குழாய் ஊட்டுகிற பகுதிக்குள் இருந்தால் பழைய அட்டாக். வெளிப்பக்க ஓரத்தில் இருந்தால் பெரும்பாலும் தசை அழற்சி. தடித்த இடத்துக்குள்ளேயே திட்டுத் திட்டாக இருந்தால் நான் சந்தேகப்படுகிற பரம்பரை நோய். தழும்பு இதயத் தசையின் மொத்த எடையில் 15 சதவீதம் அல்லது அதற்கு மேல் இருந்தால், துடிப்பு தாறுமாறானால் மின்அதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்யும் ஐசிடி என்ற உயிர்காக்கும் கருவியைப் பொருத்துவதைப் பற்றி தீவிரமாகப் பேச வேண்டியிருக்கும்.

இப்போது அந்தப் பாதிக் காசு விஷயத்துக்கு வருகிறேன். நெஞ்சு எம்ஆர்ஐயும் இதய எம்ஆர்ஐயும் ஒன்றல்ல. ஒரே மிஷினில் எடுத்தாலும் ஒன்றல்ல. இதயம் நிற்காமல் துடிக்கிற உறுப்பு. நெஞ்சில் ஈசிஜி ஒட்டி, துடிப்போடு சேர்த்துப் படம் பிடிக்க வேண்டும். அதற்கென்று தனி மென்பொருள் வேண்டும், பழகிய டெக்னீஷியன் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக அதைப் படிக்கத் தெரிந்த டாக்டர் வேண்டும். முதுகுத்தண்டுக்கும் முழங்காலுக்கும் நன்றாக எடுக்கிற பல இடங்களில் இதெல்லாம் கிடையாது. பண்ருட்டிப் பக்கத்திலிருந்து ஒரு முந்திரி விவசாயி இப்படித்தான் ஓர் ஏஜென்ட்டை நம்பி, ஒரு கவர் நிறைய ஃபிலிமோடு என்னிடம் வந்தார். நுரையீரல், கல்லீரலின் மேல்பகுதி, முதுகெலும்பு எல்லாம் அழகாக இருந்தன. இதயம் இருக்க வேண்டிய இடத்தில் கலங்கலாக ஒரு சாம்பல் நிற உருண்டை. ஊசியே போடவில்லை. ரிப்போர்ட்டின் கடைசி வரியில், 'இதயம் இயல்பான அளவில் உள்ளது' என்று எழுதியிருந்தார்கள். அந்த ஒரு வரியை நம்பி அவர் மாத்திரையை நிறுத்திவிட்டார். கடைசியில் வேறு இடத்தில் முழுக் காசு கொடுத்து மறுபடியும் எடுத்தோம்.

அந்தத் தெரிந்தவருக்கு உங்கள் மேல் அக்கறை இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஸ்கேனுக்கு ஆள் கூட்டிவந்தால் கமிஷன் என்கிற வழக்கம் எல்லா ஊரிலும் இருக்கிறது, நம் ஊரிலும் இருக்கிறது. நோயாளியை அனுப்பி வைப்பதற்காக டாக்டர் கமிஷன் வாங்குவதும் கொடுப்பதும் தவறு என்று 2002-ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிகளிலேயே இருக்கிறது. விதி காகிதத்தில் இருக்கிறது. கவுன்டரில் வேறு கணக்கு நடக்கிறது. இதைச் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. நீங்கள் நேரடியாக ஸ்கேன் சென்டருக்கோ மருத்துவமனைக்கோ போன் செய்யுங்கள். 'ஹார்ட் எம்ஆர்ஐ எடுப்பீர்களா' என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். அப்படிக் கேட்காதீர்கள். 'எவ்வளவு நேரம் ஆகும்' என்று கேளுங்கள். பதினைந்து இருபது நிமிடம் என்றால் போனை வைத்துவிடுங்கள். முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும் என்று சொல்கிற இடம்தான் சரியான இடம். ஊசி போட்டு எத்தனை நிமிடம் கழித்துப் படம் எடுப்பீர்கள், ரிப்போர்ட் எழுதுகிற டாக்டர் வாடிக்கையாக இதய எம்ஆர்ஐ பார்ப்பவரா என்றும் கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

'சிடி ஸ்கேன் எடுத்தாலும் அதேதான்' என்று யாராவது சொன்னால் அதுவும் வேண்டாம். இதயத்துக்கு எடுக்கிற சிடி ஸ்கேன் முக்கியமாகப் பார்ப்பது குழாயைத்தான்; அதில் அடைப்பு இல்லை என்று ஆஞ்சியோவே சொல்லிவிட்டது.

பணம் கட்டும்போதே, எல்லாப் படங்களும் சிடி தட்டிலோ பென் டிரைவிலோ வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். ஃபிலிமில் இதயம் அசைவதைப் பார்க்க முடியாது. சிகிச்சை பெறும் இடத்தில் மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பதும் அதே 2002 விதிகளில் இருக்கிறது.

இன்னொன்று. எங்கள் துறையைப் பற்றியே சொல்ல வேண்டியிருக்கிறது. இதய எம்ஆர்ஐக்கு வருகிற சீட்டுகளில் பாதிக்கு மேல் 'கார்டியாக் எம்ஆர்ஐ' என்று இரண்டே வார்த்தைதான் இருக்கும். எதற்காக என்று இருக்காது. ஓபியில் அவ்வளவு கூட்டம், எழுத நேரமில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் எதைத் தேட வேண்டும் என்று சொல்லாவிட்டால் டெக்னீஷியன் எந்தப் படத்தைக் கூடுதலாக எடுப்பார்? உங்கள் டாக்டரிடம் தயங்காமல் கேட்டு, மயக்கம், 17 மில்லிமீட்டர், அண்ணனின் மரணம், பிரஷர், சந்தேகப்படும் நோய் என்று நான்கு வரி எழுதி வாங்குங்கள். எக்கோ, ஈசிஜி, ஆஞ்சியோ ரிப்போர்ட் எல்லாவற்றையும் கையோடு கொண்டுபோங்கள்.

கிட்னி பயம் தேவையில்லை. 44 வயது ஆணுக்கு கிரியாட்டினின் 1.4 என்றால் சிறுநீரகத்தின் வடிகட்டும் அளவு 60-க்குச் சற்று மேலே வரும். 30-க்குக் கீழே போனவர்களுக்குத்தான் நாங்கள் கூடுதலாக யோசிப்போம். நீங்கள் கேள்விப்பட்ட பயம் பெரும்பாலும் ஆஞ்சியோவுக்கும் சிடி ஸ்கேனுக்கும் போடுகிற அயோடின் மருந்தைப் பற்றியது. இது வேறு மருந்து. ஒருமுறை கிரியாட்டினின் பார்த்து அந்த ரிப்போர்ட்டையும் கொண்டுபோங்கள், போதும்.

எனக்குக் கவலை அவருடைய கிட்னியைப் பற்றி இல்லை, கண்ணைப் பற்றி. அவர் கிரைண்டிங் வேலை செய்பவர் என்று எழுதியிருக்கிறீர்கள். கிரைண்டர் சக்கரத்திலிருந்து தெறிக்கிற இரும்புத் துகள் கண்ணுக்குள் போய்த் தங்கிவிடுவதுண்டு. அப்போது லேசாக உறுத்தும், இரண்டு நாளில் சரியாகிவிட்டது என்று மறந்துபோவார்கள். எம்ஆர்ஐ என்பது பெரிய காந்தம். கண்ணுக்குள் இரும்பு இருந்தால் அது அசையும். அப்படி ஒருவருக்கு ஒரு கண்ணில் பார்வையே போனதாக 1986-லேயே மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள். ஸ்கேனுக்கு முன்னால் ஒரு படிவம் கொடுப்பார்கள். அதில் இந்தக் கேள்வி இருக்கும். துணைக்கு வந்தவர் படிக்காமலேயே எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று டிக் அடித்துக் கையெழுத்துப் போடுவதை நான் தினமும் பார்க்கிறேன். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். இன்றைக்கே அவரிடம் உட்கார்ந்து கேளுங்கள்: எப்போதாவது கண்ணில் பொறி பட்டதா, ஆஸ்பத்திரியில் எடுத்தார்களா, இல்லை கம்பெனியில் கூட வேலை செய்கிறவர் துணி முனையால் எடுத்துவிட்டாரா? ஒருமுறையாவது பட்டிருந்தால் அதை டெக்னீஷியனிடம் சொல்லுங்கள். கண்குழிக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்தால் தெரிந்துவிடும். கொஞ்ச நேர வேலை. அவர்கள் தேவையில்லை என்று அவசரப்படுத்தினாலும் நீங்கள் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளி அரைஞாண் கொடி, தாயத்து, மோதிரம், போன், சாவி எல்லாவற்றையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். பிரஷர் மாத்திரையை அன்றும் வழக்கம்போலச் சாப்பிடட்டும். உள்ளே பெரிய சத்தம் இருக்கும், காதுக்கு அடைப்பான் கொடுப்பார்கள். 'மூச்சை வெளியே விட்டு அப்படியே நிறுத்துங்கள்' என்று திரும்பத் திரும்பச் சொல்வார்கள்; ஒவ்வொரு முறையும் பத்துப் பதினைந்து விநாடி. நிறுத்த முடியாமல் போனால் படம் கலங்கிவிடும். வீட்டில் காலையும் மாலையும் படுத்தபடி இதைப் பழகிக்கொண்டால் ஸ்கேன் சுலபமாக முடியும்.

செலவைப் பற்றி: முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால், கடலூரில் எடுப்பதா, புதுச்சேரிக்கு வருவதா என்று முடிவு செய்வதற்கு முன் 1800 425 3993 என்ற இலவச எண்ணில், எந்த மருத்துவமனையில் எந்தச் சோதனைக்கு அட்டை செல்லும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் பஸ்ஸில் வந்துவிடலாம். ஆனால் முள்ளோடை எல்லையைத் தாண்டினால் அரசே வேறு, திட்டமும் வேறு. வந்து வரிசையில் நின்ற பிறகு திருப்பி அனுப்பப்படுகிற குடும்பங்கள் ஏராளம். இந்தச் சிறு தூரத்துக்கு நடுவில் இத்தனை கவுன்டரும் கையெழுத்தும் எதற்கு என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

ஸ்கேன் வரும்வரை அவர் உயரத்தில் ஏறி வெல்டிங் செய்யக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, வெயிலில் தண்ணீர் குடிக்காமல் இருக்கக் கூடாது. நெஞ்சு வலித்தால் நாக்குக்கு அடியில் வைக்கச் சொல்லி பக்கத்து வீட்டில் சார்பிட்ரேட் கொடுப்பார்கள். இவருக்கு அது வேண்டவே வேண்டாம். தசை தடித்து ரத்தம் வெளியேறும் வழி குறுகியிருந்தால், அந்த மாத்திரையே மயக்கத்தைக் கொண்டுவரும். மறுபடி மயங்கினால் ஸ்கேன் தேதிக்குக் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

ரிப்போர்ட்டில் தழும்பு இல்லை என்று வந்தாலும் நோய் இல்லை என்று அர்த்தமில்லை. மயக்கம், குடும்ப வரலாறு, 24 மணி நேர ஈசிஜி எல்லாவற்றையும் சேர்த்துத்தான் அடுத்த முடிவு.

உங்கள் பிள்ளைகளுக்கு இப்போதைக்கு எம்ஆர்ஐ தேவையில்லை, ஈசிஜியும் எக்கோவும் போதும். அதை அப்பாவின் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்காமல் எடுத்துவிடுங்கள். இந்த நோய் பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்குச் சரிபாதி வாய்ப்பு உண்டு. இறந்துபோன அண்ணனுக்குப் பிள்ளைகள் இருந்தால், உங்கள் ஓரகத்தியிடமும் இதைச் சொல்லி, அவர்களையும் கூடவே கூட்டிப்போங்கள்.