எம்57 பிஸ்டல்: பாலிஷ் அப்புறம், முதலில் இது

டெக்சாஸில் பழைய யுகோஸ்லாவிய எம்57 வாங்கி, நிறம் பூசி, இடுப்பில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தீர்கள். வாங்கலாம், உறுதியான பொருள்தான். வந்ததும் பிரித்து, உறைந்துபோன காஸ்மோலின் கிரீஸை மினரல் ஸ்பிரிட்டில் கழுவுங்கள். பாலிஷ் போடும்போது சீரியல் எண் அழிந்துவிடக் கூடாது. அமெரிக்காவில் அது குற்றம். எனக்கென்னவோ தேய்ந்த பழைய நிறமே அழகு.

சிக்கல் எடுத்துச் செல்வதில்தான். டோக்கரெவ் என்ற சோவியத் பிஸ்டலின் வழி வந்த இதில், தவறிச் சுடாமல் தடுக்க கையால் போடும் சேஃப்டியே முதலில் கிடையாது. இப்போதிருப்பது அமெரிக்க இறக்குமதி விதிக்காகப் பிறகு பொருத்தியது. ஹேமரை (பின்னாலிருக்கும் சுத்தியலை) பாதி இழுத்து நிறுத்தும் நிலையையும் நம்பாதீர்கள், கீழே விழுந்தால் வெடிக்கலாம். சேம்பரில், அதாவது குழலின் பின்முனை அறையில், தோட்டா வேண்டாம். உறை டிரிகரை முழுக்க மூடட்டும். அப்புறம், பழைய ராணுவத் தோட்டா சுட்டால் அன்றே குழலை வெந்நீரில் கழுவித் துடைத்து எண்ணெய் போடுங்கள், இல்லாவிட்டால் துரு பிடிக்கும்.