நிக்கல் கலந்த பல்லா? காந்தத்தை விடுங்கள், லேப் சீட்டைக் கேளுங்கள்

கேள்வி: சுங்கை சிப்புட்டில், ஒன்றரை வருஷத்துக்கு முன் 6,800 வெள்ளி (ரிங்கிட்) கட்டி இம்ப்ளாண்ட் வைத்தேன். நிக்கல் எனக்கு ஒத்துக்கொள்ளாது என்று முன்கூட்டியே சொன்னேன். திருகு டைட்டானியம், மேல் பல் சிர்கோனியா (உலோகமில்லாத பீங்கான் வகை) என்றார் டாக்டர். இப்போது ஈறு வீங்கியிருக்கிறது. வேறொரு டாக்டர் பார்த்துவிட்டு, பல்லுக்குள் உலோகம் இருக்கிறது என்கிறார். காந்தம் வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. பழைய கிளினிக் ரெக்கார்டைத் தர மறுக்கிறது. கேஸ் போடலாமா?

பதில்: போடலாம் அம்மா, ஆனால் முதலில் ஆதாரம் கையில் இருக்கட்டும். காந்தத்தை நம்பாதீர்கள். டைட்டானியத்தில் அது ஒட்டாது. பல்லுக்குப் பயன்படும் நிக்கல்-குரோமியம் கலவையிலும் பெரும்பாலும் ஒட்டாது.

இம்ப்ளாண்ட் என்பது மூன்று துண்டு: எலும்பில் திருகு, அதன்மேல் இரண்டையும் இணைக்கும் அபட்மெண்ட், மேலே பல்லாகத் தெரியும் கிரவுன். திருகு வந்த பெட்டியில் மாடல் எண்ணும் லாட் எண்ணும் உள்ள ஸ்டிக்கர் இருக்கும். அதை உங்கள் கார்டில் ஒட்டியிருக்க வேண்டும். அந்தப் பொருள் மருத்துவச் சாதன ஆணையத்தின் பதிவேட்டில் இருக்கிறதா என்று இணையத்தில் தேடிப் பார்க்கலாம். கிரவுன் உங்களுக்கென்றே லேப்பில் செய்தது, அங்கே கிடைக்காது. அதற்கு ஆதாரம் கிளினிக் லேப்புக்கு அனுப்பிய ஆர்டர் சீட்டு. அதில் 'போர்சலின்-மெட்டல்' (உள்ளே உலோகம், மேலே பீங்கான்) என்று எழுதியிருந்தால் உங்கள் வழக்கில் பாதி முடிந்தது.

ரெக்கார்டை வாயால் கேட்காதீர்கள். 2010 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 30-ஆம் பிரிவைக் குறிப்பிட்டு, மலாயில் எழுதி, பதிவுத் தபாலில் அனுப்புங்கள். 21 நாளுக்குள் அவர்கள் பதில் தரவேண்டும்.

கிரவுனைக் கழற்றினால் துண்டுகளைக் குப்பையில் போட விடாதீர்கள். படம் எடுத்து, உறையில் போட்டு ஒட்டி, தேதி போட்டு, கழற்றிய டாக்டரிடம் கையெழுத்து வாங்குங்கள். எக்ஸ்ரே ஃபுளோரசன்ஸ் சோதனையில் பொருள் சேதமாகாமலே அதில் என்னென்ன உலோகம் என்று தெரிந்துவிடும்.

தோல் டாக்டரிடம், நிக்கலைத் தோலில் ஒட்டி ஒவ்வாமை பார்க்கும் பேட்ச் டெஸ்டும் செய்யுங்கள். அது மட்டும் போதாது. கிரவுனை ஒட்டும்போது ஈறுக்கடியில் மிஞ்சிய சிமெண்டும் இதே வீக்கத்தைத் தரும், எதிர்த்தரப்பு முதலில் அதைத்தான் சொல்லும். எக்ஸ்ரே எடுத்து, சிமெண்ட் இருக்கிறதா இல்லையா என்று இரண்டாவது டாக்டரிடம் எழுதி வாங்குங்கள்.

பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகச் சொல்வார்கள். 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் மருத்துவச் சேவையை விலக்கி வைத்திருப்பதால் அங்கே இழுபறிதான். சிறு வழக்கின் வரம்பு 5,000 வெள்ளி. உங்கள் தொகை தாண்டுகிறது. மாஜிஸ்திரேட் கோர்ட்டே பொருத்தம், வரம்பு 100,000 வெள்ளி. ஒப்பந்த மீறலுக்கு 6 வருஷ அவகாசம் உண்டு. மலேசியப் பல் மருத்துவ மன்றத்திலும் புகார் கொடுக்கலாம். அது டாக்டர் மேல் நடவடிக்கை எடுக்கும், உங்களுக்கு இழப்பீடு வாங்கித் தராது.

இடையில் கிளினிக் பணத்தைத் திருப்பித் தருகிறோம் என்று ஒரு தாளை நீட்டினால், 'முழுத் தீர்வு' (இதோடு கணக்கு முடிந்தது) என்ற சொல் இருக்கிறதா என்று பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். கழற்றிய கிரவுனையும் அவர்கள் கையில் கொடுக்காதீர்கள்.