நகராட்சிக் குடிநீர்: சுத்திகரிப்பு நிலையம், குழாய், தொட்டி – கேள்வி பதில்

குடிநீர்த் திட்டங்களில் வடிவமைப்பும் பராமரிப்பும் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வந்த கேள்விகளைச் சுருக்கிப் போட்டுப் பதில் எழுதியிருக்கிறேன். எந்த கம்பெனி ஃபில்டர் வாங்கலாம் என்ற கேள்விகளை மட்டும் விட்டுவிட்டேன்.

கேள்வி (ஒரு நகராட்சி உறுப்பினர்): ஐயா, எங்கள் ஊரில் 50,000 பேர். சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து தினம் 50 லட்சம் லிட்டர் வருவதாகக் கணக்கு. ஆனாலும் கடைசி இரண்டு வார்டுகளுக்கு நாலு நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர். நிலையத்தை 80 லட்சம் லிட்டராக விரிவாக்க எஸ்டிமேட் வந்திருக்கிறது. மன்றத்தில் ஆதரிக்கலாமா?

முதலில் கணக்கைப் பார்ப்போம். பாதாளச் சாக்கடை உள்ள, அல்லது வரப்போகிற ஊருக்கு ஆளுக்குத் தினம் 135 லிட்டர் என்பது சி.பி.எச்.இ.இ.ஓ. என்ற மத்திய அரசின் பொது சுகாதாரப் பொறியியல் அமைப்பின் கையேட்டில் உள்ள அளவு. அந்தக் கையேட்டின் 1999 பதிப்பில் சாக்கடை இல்லாத ஊருக்கு 70. உங்களுக்கு 135 என்றே வைத்தாலும் 67.5 லட்சம் லிட்டர் வேண்டும். வருவது 50 லட்சம். ஆளுக்கு 100 லிட்டர் ஆகிறது. பற்றாக்குறை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஆளுக்கு 100 லிட்டர் உள்ளே வரும் ஊரில் இரண்டு வார்டு காய்கிறது என்றால் குறை நிலையத்தில் இல்லை. வழியில் இருக்கிறது.

மன்றத்தில் மூன்று கேள்வி கேளுங்கள். அந்த 50 லட்சம் மீட்டரில் பார்த்ததா, பம்ப் ஓடிய நேரத்தை வைத்துப் போட்டதா? ஒவ்வொரு மேல்நிலைத் தொட்டியிலும் ஏறுவது எவ்வளவு, இறங்குவது எவ்வளவு? கடைசி வார்டில் தண்ணீர் விடும் நேரத்தில் குழாயின் அழுத்தம் என்ன? மூன்றாவதற்கு ஒரு பிரஷர் கேஜ் போதும். தெருக்குழாயில் மாட்டிப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை குறித்துக்கொள்ளலாம். பல ஊர்களில் இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் இருக்காது. எஸ்டிமேட் மட்டும் இருக்கும்.

3 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று, 20 மீட்டர் அழுத்தத்தில் (20 மீட்டர் உயரத் தண்ணீர் தரும் அழுத்தம்) நாள் முழுக்க ஒழுகினால் ஏறத்தாழ 7,000 லிட்டர் போய்விடும். ஆளுக்கு 135 வீதம் ஐம்பது பேருடைய தண்ணீர் அது. சாலைக்கு மேல் தெரியாது, பக்கத்துச் சாக்கடையில் இறங்கிவிடும். இதைப் போல் எத்தனை ஓட்டை இருக்கிறது என்று பார்க்காமல் 30 லட்சம் லிட்டர் கூட்டினால், கூட்டியதில் ஒரு பங்கு அதே ஓட்டைகளுக்குத்தான் போகும். அழுத்தம் கூடும்போது கசிவும் கூடும்.

இன்னொன்று, குழாயின் விட்டம். விட்டம் இரண்டு மடங்கானால், அதே உயர வித்தியாசத்தில் கிட்டத்தட்ட ஆறு மடங்கு தண்ணீர் போகும். ஐந்தாயிரம் பேர் இருந்த காலத்தில் போட்ட 80 மி.மீ. குழாயிலேயே புது நகர்களுக்கும் இணைப்பு கொடுத்துக்கொண்டே போயிருப்பார்கள். நிலையத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் அந்தக் குழாய் அதற்கு மேல் கொண்டுபோகாது.

ஆகவே விரிவாக்கத்தை எதிர்க்காதீர்கள், வரிசையை மாற்றச் சொல்லுங்கள். குழாய் வரைபடம், தொட்டிவாரியாக மண்டலம் பிரித்தல், மண்டலத்துக்கு ஒரு மீட்டர், கசிவு அடைப்பு, வால்வு சீரமைப்பு, குறுகிய குழாய் மாற்றம். அதன் பிறகு எவ்வளவு குறைகிறதோ அதற்கு நிலையம். குழாய்க்கு 30 ஆண்டு, நிலையத்துக்கும் பம்புக்கும் 15 ஆண்டு என்று வைத்துத்தான் வடிவமைக்கிறோம். குழாயில் செய்யும் தவறோடு ஊர் இரண்டு மடங்கு காலம் வாழ வேண்டியிருக்கும். அளக்காமல் போட்ட எஸ்டிமேட்டுக்குக் கை தூக்காதீர்கள்.

கேள்வி: வீட்டுக்கு ஆர்.ஓ. வேண்டுமா?

டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவு, லிட்டருக்கு மில்லிகிராமில்) 500-க்குள் இருந்தால் உப்புக்காக ஆர்.ஓ. தேவையில்லை. இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500 ஏற்கும் அளவு அதுதான். வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதிக்கிறது. ஆற்றுத் தண்ணீர் வரும் ஊர்கள் பெரும்பாலும் 500-க்குள்தான் இருக்கும். அங்கே ஆர்.ஓ. போட்டால், ஒரு பங்கு குடிக்க எடுத்து அதைவிட அதிகமாகச் சாக்கடையில் விடுவீர்கள். கிருமி பயம் இருந்தால் கொதிக்க வையுங்கள். ஃபுளோரைடு உள்ள பகுதியில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் குடிக்கிறீர்கள் என்றால் விஷயம் வேறு, அங்கே ஆர்.ஓ.வுக்கு நியாயம் உண்டு. கொதிக்க வைத்து ஃபுளோரைடு போகாது. தருமபுரி, கிருஷ்ணகிரிக்கு ஒகேனக்கல் காவிரித் தண்ணீரைக் கொண்டுபோனதற்கு அதுதான் முக்கியக் காரணம்.

கேள்வி (சிவில் மாணவி): சார், கலங்கலைப் படிய வைக்கப் படிகாரம் எவ்வளவு போட வேண்டும் என்று சூத்திரம் உண்டா? புத்தகத்தில் ஒரு வரம்பு மட்டும் கொடுத்திருக்கிறார்கள்.

நல்ல கேள்வி அம்மா. சூத்திரம் கிடையாது. ஜார் டெஸ்ட்தான். ஆறு பீக்கரில் ஒரு லிட்டர் வீதம் ஆற்றுத் தண்ணீர் எடுத்து 10, 20, 30, 40, 50, 60 மில்லிகிராம் என்று படிகாரக் கரைசல் விட வேண்டும். ஒரு நிமிடம் வேகமாகக் கலக்கி, அப்புறம் பதினைந்து இருபது நிமிடம் மெதுவாக. அந்த மெதுவான கட்டத்தில் பீக்கரை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள். முதலில் தண்ணீர் லேசாகப் பால் கலந்த மாதிரி மங்கும். பிறகு பொடித்திரள் தெரியும், ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாகும். கலக்குவதை நிறுத்தி அரை மணி நேரம் படிய விட்டு, மேல்தண்ணீரின் கலங்கலை அளக்க வேண்டும். போதுமான தெளிவு தரும் மிகக் குறைந்த அளவுதான் அன்றைய அளவு.

'அன்றைய' என்பதை அழுத்திச் சொல்கிறேன். மழை பெய்து ஆறு செம்மண்ணாக ஓடும் நாளில் நேற்றைய அளவு உதவாது. அதிகம் போட்டால் தெளிவு கூடிக்கொண்டே போகும் என்று நினைக்கவும் கூடாது. ஒரு கட்டத்துக்கு மேல் திரளே சரியாகச் சேராது. படிகாரம் தண்ணீரின் காரத்தன்மையைத் தின்னும், ஒரு மில்லிகிராமுக்கு ஏறக்குறைய அரை மில்லிகிராம். காரம் குறைந்த தண்ணீரில் பி.எச். இறங்கித் திரள் உடையும். அங்கே சுண்ணாம்பும் சேர்க்க வேண்டும்.

படிப்பு முடித்து ஒரு நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தால் முதல் நாள் அந்த ஜார் டெஸ்ட் கருவி ஓடுகிறதா என்று பாருங்கள். தூசி படிந்து மூலையில் கிடந்தால், அங்கே அளவைப் பழக்கத்தில் போடுகிறார்கள் என்று அர்த்தம்.

கேள்வி: குழாய்த் தண்ணீரில் பிளீச்சிங் வாடை வருகிறது. ஆபத்தா?

லேசான வாடை என்றால் இல்லை. வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும் என்பது விதி. குடத்தில் பிடித்துச் சற்று நேரம் திறந்து வைத்தால் வாடை குறையும். வாடையே வராத ஊர்தான் எனக்குக் கவலை.

கேள்வி (ஊராட்சி டேங்க் ஆபரேட்டர்): ஒரு லட்சம் லிட்டர் தொட்டிக்கு எவ்வளவு பிளீச்சிங் பவுடர் சார்?

லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரின் என்று வைத்தால் 200 கிராம் குளோரின் வேண்டும். புதுப் பவுடரில் 30 சதவீதம் குளோரின் இருந்தால் சுமார் 670 கிராம். மூட்டை பிரித்து ஈரத்திலும் வெயிலிலும் கிடந்து 20 சதவீதமாக இறங்கியிருந்தால் ஒரு கிலோ. மூட்டையின் மேல் அச்சடித்த சதவீதத்தை நம்பாதீர்கள்.

தூளை அப்படியே தொட்டியில் கொட்டக் கூடாது தம்பி. பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்த பிறகு மேல்தெளிவை மட்டும் ஊற்றுங்கள். தண்ணீர் ஏறும்போதே ஊற்றினால் தானாகக் கலக்கும். அரை மணி நேரம் கழித்துத் திறந்து விடுங்கள். அப்புறம் தொட்டியடியில் பார்க்காமல் கடைசித் தெருக் குழாயில் குளோராஸ்கோப் (மிஞ்சிய குளோரினை அளக்கும் கருவி) வைத்துப் பாருங்கள். அங்கே 0.2 இல்லாவிட்டால் மறுநாள் கொஞ்சம் கூட்டுங்கள். மூன்று நாளில் உங்கள் ஊருக்கான அளவு கைக்கு வந்துவிடும்.

கேள்வி: 24 மணி நேரத் தண்ணீர் என்று பெரிய நகரங்களில் ஆரம்பிக்கிறார்கள். நம் மக்கள் குழாயைத் திறந்தே விடுவார்கள். வீண்தானே?

இது பலருக்கும் உள்ள எண்ணம். இன்றைக்கு இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வரும் தெருவில் என்ன நடக்கிறது? அண்டா, குடம், சம்ப், சின்டெக்ஸ் எல்லாம் நிரப்புகிறோம். அடுத்த முறை வந்ததும் பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதிதாகப் பிடிக்கிறோம். எப்போது திறந்தாலும் வரும் என்ற நம்பிக்கை வந்துவிட்டால் யாரும் அண்டாவைக் கொட்ட மாட்டார்கள். மீட்டரும் சேர்ந்தால் ஒழுகும் குழாயை வீட்டுக்காரரே மாற்றுவார்.

ஆனால் வீண் என்பதைவிடப் பெரிய விஷயம் காலிக் குழாய். தண்ணீர் நிறுத்தியதும் குழாயில் அழுத்தம் போய்விடுகிறது. மேட்டில் இருக்கும் குழாய் பள்ளத்துக்கு வடியும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகும். முன்பு தண்ணீர் வெளியே ஒழுகிய அதே ஓட்டை வழியாக இப்போது சாக்கடை உள்ளே வரும். நிலையத்தில் எவ்வளவு சுத்தம் செய்திருந்தாலும் சரி, முதல் பத்து நிமிடம் உங்கள் குடத்தில் விழுவது அதுவும் சேர்ந்ததுதான். கர்நாடகத்தில் ஹூப்ளி-தார்வாடில் 2008 முதல் சில வார்டுகளில் தொடர் விநியோகம் தந்தார்கள். பிறகு ஆய்வாளர்கள் இரண்டு வகை வார்டுகளிலும் குழாய்த் தண்ணீரைப் பரிசோதித்தபோது, விட்டு விட்டு வரும் பகுதியில் மலக்கிருமி காட்டிய மாதிரிகள் பல மடங்கு அதிகம்.

மறுப்பு (கோவை வாசகர்): கோவையில் 24 மணி நேரத் திட்டத்தை 2018-இல் பிரெஞ்சு நிறுவனமான சூயஸுக்கு 26 ஆண்டுகளுக்குக் கொடுத்தார்கள். நீங்கள் தனியார்மயத்துக்கு வக்காலத்து வாங்குகிறீர்கள்.

இல்லை. குழாயில் எப்போதும் அழுத்தம் இருக்க வேண்டும் என்பது பொறியியல். யார் நடத்த வேண்டும் என்பது ஊர் முடிவு செய்ய வேண்டியது. ஒடிசாவில் பூரி 2021 ஜூலையில் 24 மணி நேரமும் குழாயில் நேராகப் பிடித்துக் குடிக்கும் நகரமானது. அதைச் செய்தது அந்த மாநில அரசு. மகளிர் குழுப் பெண்களை 'ஜலசாத்தி' என்று நியமித்து, வீடு வீடாகத் தண்ணீரைச் சோதிக்கவும் மீட்டர் பார்க்கவும் வைத்தார்கள். ஒப்பந்தத்தை எதிர்ப்பவர்கள் தாராளமாக எதிர்க்கலாம். கட்டணம், காலம், பொறுப்பு எல்லாமே கேட்க வேண்டியவை. ஆனால் அந்தக் கோபத்தில் காலிக் குழாயை ஆதரித்துவிடக் கூடாது.

மறுப்பு (அதே வாசகர்): மீட்டர் வைத்தால் ஏழை வீட்டில் தண்ணீர் நிற்கும். அதற்குப் பொறியியலில் என்ன பதில்?

பொறியியலில் பதில் இல்லை, கட்டண அட்டவணையில் இருக்கிறது. அடிப்படைத் தேவை வரை இலவசம் அல்லது பெயருக்கு ஒரு தொகை, அதற்கு மேல் படிப்படியாக. இதைத் தீர்மானத்தில் எழுதி வாங்குங்கள். உங்கள் பயம் நியாயமானது, அதை நான் தள்ளவில்லை. ஆனால் இன்று விட்டு விட்டு வரும் தண்ணீரில் யாருக்கு நஷ்டம் என்றும் பாருங்கள். சம்ப்பும் மோட்டாரும் ஆர்.ஓ.வும் உள்ள வீடு சமாளித்துக்கொள்கிறது. குடத்தில் பிடித்து அப்படியே குடிக்கும் வீடுதான் வயிற்றுப்போக்கில் மாட்டுகிறது. வேலைக்குப் போகாமல் தண்ணீருக்குக் காத்திருப்பதும் அந்த வீட்டுப் பெண்தான். அந்த வீட்டை நினைத்துத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

கேள்வி: டி.டி.எஸ். 300 வருகிறது. ஆர்.ஓ. போடலாமா?

மேலே எழுதியிருக்கிறேன். தேவையில்லை.

கேள்வி: எல்லா வீட்டிலும் குழாயில் மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார்கள். நாங்களும் வைத்தால்தான் வருகிறது. என்ன செய்வது?

வைக்காதீர்கள். காலிக் குழாய் தானாக உறிஞ்சுவதை உங்கள் மோட்டார் பல மடங்கு பலத்தோடு செய்கிறது. பக்கத்தில் சாக்கடை இருந்தால் அதைத்தான் முதலில் இழுக்கும். தெருவே சேர்ந்து எல்லா மோட்டாரையும் ஒரே நாளில் எடுங்கள். எடுத்த பிறகும் வராவிட்டால் அழுத்தத்தை அளந்து எழுத்தில் புகார் கொடுங்கள்.

கேள்வி (கட்டட ஒப்பந்ததாரர்): டி.ஐ. (வார்ப்பிரும்பு வகை) குழாயா, எச்.டி.பி.இ. (பிளாஸ்டிக் வகை) குழாயா?

பிரதான குழாய்க்கும் லாரி ஓடும் சாலைக்கும் உள்ளே சிமெண்ட் பூச்சுள்ள டி.ஐ. சந்துகளுக்கும் வீட்டு இணைப்புக்கும் எச்.டி.பி.இ. இரண்டும் நல்லவை. கெடுப்பது இணைப்பு வேலை. எச்.டி.பி.இ.யை மழையிலும் சேற்றிலும் வைத்து ஒட்டினால் ஒட்டின மாதிரி இருக்கும், ஆறு மாதத்தில் விடும்.

சாக்கடைக்கும் குடிநீர்க் குழாய்க்கும் பக்கவாட்டில் 3 மீட்டர் இடைவெளி விடுங்கள். தெரு குறுகல் என்றால் தனிப் பள்ளம் தோண்டிச் சாக்கடைக் குழாயின் மேல்மட்டத்துக்கு அரை மீட்டராவது மேலே போடுங்கள். முக்கியமாக, அழுத்தச் சோதனை முடியாமல் இணைப்புகளின் மேல் மண் தள்ளாதீர்கள். பள்ளத்தை மூடி, ரோடு போட்டு, பில் வாங்கிய பிறகு சோதனை என்று நடந்த வேலைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த ஓட்டையைக் கண்டுபிடிக்க மறுபடி ரோட்டைத்தான் உடைக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் மனையில் எங்கே போர் போட்டால் தண்ணீர் வரும்?

என் துறை இல்லை. நிலத்தடி நீர் வல்லுநரைக் கேளுங்கள்.

கேள்வி: போர் தண்ணீருக்குப் பதில் ஆற்றுத் தண்ணீர் விட ஆரம்பித்ததும் குழாயில் செந்நிறமாக வருகிறது. ஆற்றுத் தண்ணீர் மோசமா?

பெரும்பாலும் தண்ணீர் மோசம் இல்லை. பல ஆண்டுகள் கடினத் தண்ணீர் ஓடிய இரும்புக் குழாயின் உள்ளே ஒரு படிவம் படிந்திருக்கும். வேறு குணமுள்ள தண்ணீர் வந்ததும் அது கரைந்து பெயர்ந்து வருகிறது. ஸ்கவர் வால்வுகளை (குழாயின் தாழ்வான இடத்தில் கசடை வெளியேற்றும் வால்வுகள்) திறந்து ஒவ்வொரு தெருவாகக் கழுவி விட வேண்டும். புதுத் தண்ணீரின் பி.எச்., காரத்தன்மை இரண்டையும் சரிப்படுத்தியே அனுப்ப வேண்டும். அமெரிக்காவில் ஃப்ளின்ட் நகரம் 2014 ஏப்ரலில் நீராதாரத்தை ஆற்றுக்கு மாற்றியபோது அரிப்பைத் தடுக்கும் மருந்தைச் சேர்க்கவில்லை. பழைய ஈயக் குழாய்களிலிருந்து ஈயம் கரைந்து குழந்தைகள் வரை போனது. அதே ஆண்டு அங்குள்ள கார் எஞ்சின் தொழிற்சாலை, பாகங்கள் துருப்பிடிக்கின்றன என்று அந்தத் தண்ணீரை நிறுத்திக்கொண்டது. ஊர் மக்களுக்கு அந்த ஆற்றுத் தண்ணீர் மாறியது 2015 அக்டோபரில்தான். நம் ஊர்களில் ஈயக் குழாய் பெரிய பிரச்சினை இல்லை, ஆனால் நீராதாரத்தை மாற்றும்போது குழாயையும் சேர்த்து யோசிக்க வேண்டும் என்பது இங்கேயும் பொருந்தும்.

கேள்வி: நல்ல ஆர்.ஓ. எது?

மூன்றாவது முறை. இனி ஆர்.ஓ. கேள்விக்குப் பதில் இல்லை.

கேள்வி: ஃபில்டர் கழுவிய தண்ணீரை நிலையத்திலிருந்து ஓடையில் விடுகிறார்கள். சரியா?

சரியில்லை. தனித் தொட்டியில் படிய வைத்து, தெளிந்ததை நுழைவாயிலுக்கே திருப்பிவிடலாம். கசடைக் காய வைத்து அப்புறப்படுத்த வேண்டும். புது நிலையம் என்றால் வரைபடத்திலேயே அந்தத் தொட்டிக்கு இடம் கேளுங்கள், கட்டிய பிறகு இடம் கிடைக்காது.