பெண்ட் பைப்பில் ஆக்சிஜன் சென்சார்: கேள்வி பதில்

கேள்வி: கார்புரேட்டர் புல்லட் 350. பெட்ரோல்-காற்று மிக்சர் பார்க்க ஆக்சிஜன் சென்சாரை எங்கே மாட்டுவது?

பதில்: பெண்ட் பைப்பில் (இன்ஜினிலிருந்து சைலன்சருக்குப் போகும் வளைந்த குழாய்), இன்ஜின் ஹெட்டிலிருந்து ஒன்றரை அடி தள்ளி. சைலன்சர் முனைக்கு அருகில் வைத்தால் வெளிக்காற்று திரும்ப உள்ளே வந்து கணக்கைக் கெடுக்கும். 18 மி.மீ., 1.5 பிட்ச் மரையுள்ள பங்கை (சென்சாரைத் திருகும் வளையம்) லேத்தில் கடைந்து வெல்டிங் வையுங்கள். பைப்பின் மேல்பக்கம், கடிகாரத்தில் 10 மணிக்கும் 2 மணிக்கும் நடுவில். வண்டி சூடாகும் வரை பைப்பில் தண்ணீர் கோத்திருக்கும். சென்சாரின் சுடும் செராமிக்கில் அது பட்டால் விரிசல்தான். ஹெட் பக்கம் கேஸ்கெட் ஒழுகினாலும் மீட்டர் லீன் (பெட்ரோல் குறைவு) என்று பொய் சொல்லும். ஒழுகலை அடைக்க சிலிக்கான் பேஸ்ட் தடவாதீர்கள், சென்சார் செத்துவிடும்.

கேள்வி: பழைய காரில் கழற்றிய சென்சாரை மல்டிமீட்டரில் பார்க்கலாமா?

பதில்: நேரோபேண்ட் ரகமாக இருந்தால் பார்க்கலாம். 0.45 வோல்ட்டுக்கு மேலே ரிச் (பெட்ரோல் அதிகம்), கீழே லீன். எவ்வளவு என்று தெரியாது. அதற்கு பாஷ் எல்.எஸ்.யு. 4.9 மாதிரி அளவும் காட்டும் வைட்பேண்ட் சென்சாரும் அதன் கண்ட்ரோலரும் வேண்டும்.

கேள்வி: ஆர்.எக்ஸ். 100-க்கு?

பதில்: அது டூ-ஸ்ட்ரோக். ஆயில் புகை சென்சாரைத் தின்றுவிடும். அதற்கு ஸ்பார்க் பிளக் நிறம் பார்த்தே மிக்சரைக் கணியுங்கள்.

கேள்வி: இ20 பெட்ரோலுக்கு (20 சதவீதம் எத்தனால் கலந்தது) காற்று-எரிபொருள் விகிதம் 13.5 தானே சரி? மீட்டரில் 13.5 வரும்படி கார்புரேட்டர் ஜெட் மாற்றினேன். சீராக ஓட்டினாலும் மைலேஜ் விழுந்துவிட்டது.

பதில்: விழத்தான் செய்யும். சென்சார் பெட்ரோலை எடைபோடுவதில்லை. மிஞ்சிய ஆக்சிஜனைப் பார்த்து லாம்டா (முழுதாக எரியத் தேவையான காற்றைப்போல் எத்தனை மடங்கு காற்று இருக்கிறது; 1 என்றால் சரி) கண்டுபிடிக்கிறது. மீட்டர் அதை, சுத்த பெட்ரோலின் விகிதமான 14.7-ஆல் பெருக்கிக் காட்டுகிறது. இ20 சரியாக எரிந்தாலும் அதில் 14.7 தான் வரும். உங்கள் 13.5 என்பது லாம்டா 0.92, அதாவது ரிச்.

கேள்வி: அப்போ 13.5 என்று எழுதியவர்கள் எல்லாம் முட்டாள்களா?

பதில்: ஐயா, எடைக் கணக்கில் 13.5 சரிதான். உங்கள் மீட்டர் பேசுவது வேறு கணக்கு. இ10-லிருந்து இ20-க்கு மாறினால் அதே ஜெட்டில் சுமார் 4 சதவீதம் லீன் ஆகும், அவ்வளவே.

கேள்வி (வேறொருவர்): என் மீட்டரில் எரிபொருள் வகையை மாற்றும் வசதி இருக்கிறதே?

பதில்: மாற்றினால் 13.5 சரி. மேலே கேட்டவர் மாற்றவில்லை. மீட்டரை லாம்டாவில் வைத்துக்கொள்ளுங்கள், சண்டையே இல்லை. சீரான ஓட்டத்தில் 1-ஐ ஒட்டி, முழு த்ராட்டிலில் 0.87 பக்கம்.

கேள்வி: பழைய கார் சென்சார் இருக்கு, மல்டிமீட்டரில்...

பதில்: மேலே படியுங்கள்.

கேள்வி: டியூனிங் முடிந்தபின் ஒயரை மட்டும் பிடுங்கிவிடலாமா?

பதில்: கூடாது. ஹீட்டர் ஓடாத சென்சார் புகையில் நின்றால் கரி அடைத்துப் போகும். கழற்றிவிட்டு பங்கை போல்ட்டால் மூடுங்கள். அந்த மரைக்கும் சிலிக்கான் வேண்டாம்.