கணினி அனிமேஷனில் பனிக்காலச் சாலை உண்மையானதாகத் தெரிய என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: பிளெண்டர் என்ற முப்பரிமாண அனிமேஷன் மென்பொருளில் பனி பெய்யும் சாலைக் காட்சி ஒன்று செய்கிறேன். நல்ல தரமான தார் டெக்ஸ்சர் (பரப்பின்மேல் ஒட்டும் படம்) போட்டும் சாலை பிளாஸ்டிக் பாய் விரித்ததுபோல இருக்கிறது. அதன்மேல் பனி போட்டால் கோலமாவு கொட்டியதுபோல ஆகிவிடுகிறது. எங்கே தவறுகிறேன்?

பதில்:

பிளாஸ்டிக் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். ரஃப்னஸ் (சொரசொரப்பு: 0 என்றால் கண்ணாடிப் பளபளப்பு, 1 என்றால் முழு மங்கல்), நார்மல் (பரப்பு எந்தப் பக்கம் பார்க்கிறது என்ற தகவல்) படங்களைச் சேர்த்த நோடில் (அமைப்புப் பெட்டியில்) கலர் ஸ்பேஸ் என்னவென்று பாருங்கள். எஸ்ஆர்ஜிபி (நிறப் படங்களுக்கானது) என்று இருந்தால் நான்-கலருக்கு (எண்களை அப்படியே படிப்பது) மாற்றுங்கள். மாற்றாவிட்டால் 0.5 ஆக இருக்க வேண்டிய ரஃப்னஸ் 0.21 ஆக இறங்கிவிடும். சாலை பளபளக்காமல் என்ன செய்யும்? பாதிப் பேருக்குச் சிக்கல் இதோடு தீர்ந்துவிடும்.

மீதியை டெக்ஸ்சர் வாங்கிச் சரிசெய்ய முடியாது. சாலையில் டயர் எங்கே ஓடுகிறது, தண்ணீர் எங்கே நிற்கிறது, பனி எங்கே ஒதுக்கப்படுகிறது என்பதைக் கறுப்பு வெள்ளை மாஸ்க்குகளாக (எது எங்கே வரும் என்று காட்டும் படங்களாக) முதலில் வரைந்துகொள்ள வேண்டும். காய்ந்த தார், ஈரம், ஐஸ், பனி எல்லாமே அந்த மாஸ்க்குகளிலிருந்துதான் வர வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நாய்ஸ் (தாறுமாறான புள்ளி வடிவம்) போட்டால் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத கறைகள்தான் மிஞ்சும்.

அளவுகள் முக்கியம். ஒரு தடம் 3.5 மீட்டர் அகலம். நடுவிலிருந்து ஓரத்துக்கு 2 சதவீதச் சரிவு கொடுங்கள். அதாவது தடத்தின் வெளிவிளிம்பு 7 செ.மீ. தாழ்ந்திருக்கும். டயர் ஓடும் இரண்டு பட்டைகள் தலா 50 செ.மீ. அகலம், அவற்றின் மையங்களுக்கு இடையே சுமார் 1.5 மீட்டர். பழைய சாலையென்றால் அந்தப் பட்டைகளை 5 முதல் 8 மி.மீ. வரை பள்ளமாக்குங்கள். கண்ணுக்கே தெரியாத இந்தப் பள்ளம்தான் உருகிய நீர் எங்கே தேங்கும் என்று முடிவுசெய்கிறது.

காய்ந்த தாருக்குச் சுத்தக் கறுப்பு கூடாது. 0 கறுப்பு, 1 வெள்ளை என்ற நிற அளவில் புதிதாகப் போட்ட தார் 0.04 அல்லது 0.05, வெயிலில் வெளுத்தது 0.12 வரை. ரஃப்னஸ் 0.85 அளவில் தொடங்கி, டயர்ப் பட்டையில் 0.1 குறையுங்கள். இரண்டு பட்டைகளுக்கு நடுவே எண்ணெய் சொட்டிய மங்கலான கருங்கோடு ஒன்று. டெக்ஸ்சர் திரும்பத் திரும்ப வருவது தெரிந்தால், அதே படத்தை வேறு கோணத்திலும் அளவிலும் இன்னொரு முறை எடுத்து, பெரிய நாய்ஸ் ஒன்றால் இரண்டையும் கலந்துவிடுங்கள்.

ஈரமான தார் கறுப்பது அதன் நுண்துளைகளில் நீர் புகுவதால். உள்ளே போன ஒளி வெளியே வருவதற்குள் கூடுதலாக உறிஞ்சப்பட்டுவிடுகிறது. எனவே ரஃப்னஸை மட்டும் குறைத்தால் போதாது, அடிநிறத்தையும் பாதியாகக் குறைக்க வேண்டும். நீர்ப்படலத்துக்கு, பரப்பின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் பிரின்சிபிள்ட் ஷேடரில் உள்ள கோட் (மேற்பூச்சு) பகுதியைப் பயன்படுத்துங்கள்: ஒளிவிலகல் எண் 1.33, ரஃப்னஸ் 0.03. சாலையில் கண்ணுக்குத் தெரியாமல் உறையும் ஐஸுக்கும் இதே வழிதான், எண் மட்டும் 1.31. இங்கே ஒரு நுணுக்கம்: கல் மணிகளின் பம்பை (வடிவத்தை மாற்றாமல் மேடுபள்ளம்போலக் காட்டுவது) அடிப்பரப்பின் நார்மலுக்கு மட்டும் கொடுத்து, கோட் நார்மலைக் காலியாக விடுங்கள். கீழே சொரசொரப்பான தார், மேலே மட்டமான கண்ணாடி என்று இரண்டும் ஒருசேரத் தெரியும். மணிகளை நிஜ டிஸ்பிளேஸ்மென்ட்டில் (வடிவத்தையே மேடுபள்ளமாக்குவது) வைத்திருந்தால் இது பலிக்காது. படலமும் அவற்றோடு சேர்ந்து மேடுபள்ளமாகிவிடும். விரிசலும் டயர்ப் பள்ளமும் டிஸ்பிளேஸ்மென்ட்டில், மணிகள் பம்பில் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

பனிக்கு வருவோம். கோலமாவுத் தோற்றத்துக்குக் காரணம், மாஸ்க்கை வைத்துத் தாரையும் பனியையும் நேராகக் கலப்பது. அப்போது நடுப்பகுதி பாதி ஒளிபுகும் வெள்ளையாகிவிடும். உண்மையில் மெல்லிய பனி கற்களின் இடுக்கை முதலில் நிரப்பும். கல்லின் தலைகள் கறுப்பாக நீட்டிக்கொண்டிருக்கும். பனி மட்டத்திலிருந்து தாரின் உயரப் படத்தைக் கழித்து, விடையை 0 முதல் 0.1 வரையிலான குறுகிய கலர் ராம்ப்பில் (எண்ணை நிறமாக மாற்றும் நோடில்) விடுங்கள். மட்டத்தை டயர்ப் பட்டையில் இறக்கி, நடுவில் ஏற்றினால் போதும், டயர்த் தடம் தானாக உருவாகும். பட்டை ஓரங்களில் சாம்பல் பழுப்பு நிறச் சேறு கலந்த பனி, ரஃப்னஸ் 0.3. ஒரு செ.மீ.க்கு மேல் கனம் இருந்தால் ஷேடர் போதாது, தனி மெஷ் (முப்பரிமாண வடிவம்) வேண்டும்.

பனியின் நிறம் 0.85 போதும். 1.0 வைத்தால் எதிரொளி தேயாமல் சுற்றிச் சுற்றி வந்து நிழல்களெல்லாம் கரைந்துவிடும். சப்சர்ஃபேஸ் ரேடியஸ் (பரப்புக்குள் ஒளி பரவும் தூரம்) பிளெண்டரில் சிவப்பு, பச்சை, நீலத்துக்கு முறையே 1.0, 0.2, 0.1 என்றுதான் வரும். அது மனிதத் தோலுக்கான விகிதம். பனியில் அப்படியே விட்டால் நிழலோரம் இளஞ்சிவப்பாகும். பனிக்குள் நீல ஒளிதான் ஆழமாகப் போகும். எனவே சிவப்பு குறைவாகவும் நீலம் கூடுதலாகவும் மாற்றுங்கள், ஸ்கேல் 0.02 மீட்டர் அளவில் இருக்கட்டும்.

தமிழில் மூடுபனி, பனித்துளி, வெண்பனி எல்லாமே நமக்குப் பனிதான். ரெண்டரில் (கணினி படத்தை உருவாக்கும்போது) அந்தச் சலுகை கிடையாது. அருகில் விழும் பனி துகள்களாகவும், தொலைவில் விழுவது வால்யூம் மூடுபனியாகவும் இருக்க வேண்டும். எல்லாத் தூரத்துக்கும் துகள்களையே நிரப்பினால் தொலைவில் வெறும் புள்ளி இரைச்சல்தான் தெரியும், அதை நீக்கும் டீநாய்ஸர் அதை ஃபிரேமுக்கு ஃபிரேம் வேறு மாதிரி மெழுகும்.

பனித்துகள் நொடிக்கு ஏறத்தாழ 1 மீட்டர் வேகத்தில் விழும். துகள் அமைப்பில் புவியீர்ப்பின் எடையை 0 ஆக்கி, இந்த வேகத்தை நேரடியாகக் கொடுங்கள். இல்லையென்றால் வேகம் கூடிக்கொண்டே போய் மழையாகிவிடும். 10 மீட்டர் உயரத்திலிருந்து விழ 10 நொடி ஆகும் என்பதால், நொடிக்கு 24 ஃபிரேம் கணக்கில் உமிழ்வை -240ஆவது ஃபிரேமில் தொடங்க வேண்டும். மறந்தால் படம் தொடங்கும்போது பனி மேலேயே நிற்கும். மோஷன் பிளரையும் (நகர்வதால் வரும் மங்கலையும்) கணக்குப் போட்டுப் பாருங்கள்: 1/48 நொடி ஷட்டரில் துகள் 2 செ.மீ. நகரும். ஆனால் கேமரா 60 கி.மீ. வேகத்தில் ஓடும் காருக்குள் இருந்தால் அதே துகள் 35 செ.மீ. கோடாக இழுபடும். அந்தக் கோடுகள் செங்குத்தாக அல்ல, கார் போகும் திசையிலுள்ள ஒரு புள்ளியிலிருந்து விரிந்து வர வேண்டும். மோஷன் பிளரை ரெண்டருக்குப் பிறகு தனியாகச் சேர்ப்பவர்கள் பெரும்பாலும் கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான்.