பெரியவர்கள் டான்சில் எடுத்தால் எப்போது வேலைக்குத் திரும்பலாம்?

கம்பத்திலிருந்து தினமும் ஜீப்பில் குமுளி மலையேறி ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறீர்கள், 34 வயதில் டான்சில் எடுத்தால் எப்போது திரும்பலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு வாரம் முழுசாக ஓய்வெடுங்கள். குழந்தைகளைவிடப் பெரியவர்களுக்கு வலி அதிகம், காதுவரை இழுக்கும். தொண்டையில் வெள்ளையாகப் படிவது பெரும்பாலும் சீழ் இல்லை, ஆறும் புண்ணின் பொருக்கு. அது 5 முதல் 10 நாளுக்குள் உதிரும்போது மறுபடி ரத்தம் கசியலாம். அந்த நாட்களில், ஆஸ்பத்திரிக்குத் தொலைவான தோட்டத்தில் தயவுசெய்து இருக்காதீர்கள். புது ரத்தம் கொஞ்சம் வந்தாலும் உடனே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். வலிக்கிறதென்று தண்ணீர் குடிக்காமல் இருந்தால் வலி கூடத்தான் செய்யும். ஆறின கஞ்சி, இளநீர் எல்லாம் நல்லது. அப்புறம், டாக்டரைக் கேட்காமல் ஆஸ்பிரின் வேண்டாம்.