வலது கையில் 1163, இடது கையில் 10

கேள்வி: பிறருக்கு உதவினால் மனசுக்குத் திருப்தி கிடைக்கிறது. அந்தத் திருப்திக்காகத்தானே உதவுகிறோம்? அப்படியென்றால் சுயநலம் கலக்காத உதவி என்று ஒன்று உண்டா?
- வாசகர் ஒருவர், ஈரோடு

பதில்: ஆஸ்திரேலியாவில் ஜேம்ஸ் ஹாரிசன் என்று ஒருவர் இருந்தார். 14 வயதில் நெஞ்சில் பெரிய அறுவை சிகிச்சை. யார் யாரோ கொடுத்த ரத்தத்தில் பிழைத்தார். 18 வயதானதும், 1954இல், தானும் கொடுக்கத் தொடங்கினார். அவருடைய பிளாஸ்மாவில், அதாவது ரத்தத்தின் திரவப் பகுதியில், அபூர்வமான ஓர் எதிர்ப்பொருள் இருந்தது. தாய்க்கு ரத்த வகை ஆர்.எச். நெகட்டிவ், வயிற்றுப் பிள்ளைக்கு பாசிட்டிவ் என்றால் தாயின் உடம்பே பிள்ளையின் ரத்த அணுக்களைத் தாக்கலாம். அதைத் தடுக்கும் ஆன்டி-டி ஊசி மருந்து அவருடைய பிளாஸ்மாவிலிருந்து தயாரானது. 2018 வரை, அதாவது 81 வயது வரை, 1173 தடவை கொடுத்தார். வலது கையில் 1163, இடது கையில் 10. இத்தனைக்கும் மனிதருக்கு ஊசி என்றால் பயம். குத்தும்போது ஒரு தடவைகூடப் பார்த்ததில்லையாம். காசும் கிடையாது. அந்த மருந்து சுமார் 24 லட்சம் குழந்தைகளுக்கு உதவியதாக அந்நாட்டு செஞ்சிலுவைச் சங்கம் கணக்குச் சொல்கிறது. பின்னாளில் அவர் மகளுக்கும் அதே ஊசி தேவைப்பட்டது. 'பார்த்தீர்களா, சொந்த லாபம்' என்று துள்ளாதீர்கள். அதற்கு முன்பே பல வருடங்களாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

சரி, அவருக்குத் திருப்தி கிடைத்திருக்காதா? கிடைத்திருக்கும். ஆனால், முகம் தெரியாத குழந்தை பிழைத்தால் எனக்கென்ன என்று இருப்பவனுக்கு, அது பிழைத்த சேதியில் என்ன சந்தோஷம் வந்துவிடும்? அக்கறை முன்னால் போனால்தான் திருப்தி பின்னால் வரும். நீங்கள் வாலைப் பிடித்துக்கொண்டு, இதுதான் மாட்டை இழுத்துப் போகிறது என்கிறீர்கள்.

கணக்குப் போட்டுக் கொடுப்பவர்கள் இல்லாமல் இல்லை. இந்தப் பிறவியில் கொடுத்து அடுத்த பிறவியில் வசூல் செய்ய நினைப்பவனுக்கு 'அறவிலை வணிகன்' என்று புலவர் முடமோசியார் அன்றைக்கே பெயர் வைத்துவிட்டார். வள்ளல் ஆய் அண்டிரன் அந்த ரகம் இல்லை என்றும் சேர்த்தே சொன்னார். சங்க காலத்துப் புலவருக்குப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தது நமக்கு மட்டும் ஏன் குழம்ப வேண்டும்?

அப்புறம், நீங்கள் ரத்தம் கொடுத்ததுண்டா? உடம்பு நன்றாக இருந்தால் ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறையும், பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒரு முறையும் கொடுக்கலாம். ஈரோட்டிலேயே போய்ப் படுத்துவிட்டு வந்து எழுதுங்கள். திருப்தி வந்திருந்தால், உங்களைச் சுயநலவாதி என்றே அடுத்த இதழில் போட்டுவிடுகிறோம்.